ஊர்க் காட்சிகளை வாட்டர் கலரில் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுத் தெரு, வயல், சந்தை, டீக்கடை இவற்றை நேரில் பார்த்து வாட்டர் கலரில் வரைய முயல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிரஷ் பிடிக்கத் தெரியும், வானமும் மரமும் வரைந்து ஓரளவு பழக்கம் உண்டு, ஆனால் ஆட்களும் வெயிலும் வந்தால் படம் கெட்டுப்போகிறது என்பவர்களை நினைத்து எழுதியது.

கிராமத்துக் காட்சி என்றாலே குடிசை, மாட்டுவண்டி, பித்தளைக் குடம்தானா?

கண்முன் இருந்தால் தாராளமாக வரையலாம். இல்லாததைக் காலண்டரிலிருந்து எடுத்து ஒட்டுவதுதான் தொல்லை. இன்றைக்குத் தெருக்குழாயடியில் நிற்பது பிளாஸ்டிக் குடம். பச்சை, சிவப்பு, நீலம் என்று வரிசையாக இருக்கும். வெயில் பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டம்கூட மங்கலாகத் தெரியும். வைக்கோல் ஏற்றிப் போவது டிராக்டர். கீரைக்கட்டு வருவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால். ஓட்டு வீட்டுக்கு மேலே டிஷ் ஆண்டெனா, திண்ணையில் மடக்கு நாற்காலி, வாசலில் தண்ணீர் கேன். இவற்றை நீக்கிவிட்டு வரைந்தால் படம் அழகாகலாம், ஆனால் அது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

வயல் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். சேற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் காத்துக்கொள்ளத்தான் இது. காலண்டர் படங்களில் இந்தச் சட்டையைக் காண முடியாது. நம் படத்தில் இருந்தால், வரைந்தவர் வயலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார் என்பது பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

மின்கம்பி, போஸ்டர், விளம்பரத் தட்டி எல்லாம் வேண்டுமா என்றால், எல்லாம் வேண்டாம். ஆனால் எதை விடுவது என்பதைப் படத்தின் அமைப்பு முடிவு செய்யட்டும், வெட்கம் முடிவு செய்ய வேண்டாம். குறுக்கே ஓடும் இரண்டு கம்பிகள் வெறும் வானத்தைப் பிரித்துக் கொடுத்தால் இருக்கட்டும்.

எந்த நேரத்தில் உட்கார்ந்து வரைவது?

காலை ஏழு முதல் ஒன்பதரை வரை, மாலை நான்கு முதல் ஆறு வரை. காரணம் சூடு மட்டும் இல்லை. நம் நாட்டில் வெயில் சீக்கிரம் தலைக்கு மேல் ஏறிவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சென்னையில் காலை ஏழே முக்காலுக்கு ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம் விழும். ஒன்பதே கால் மணிக்கு ஏறத்தாழ ஆள் உயரமே. பதினொன்றுக்கு மேல் நிழல் காலடியில் சுருண்டுவிடும். அப்போது முகத்தில் கண்குழி இருண்டு, மூக்கும் நெற்றியும் மட்டும் வெளுத்துத் தெரியும். சுவர்களில் வெளிச்சப் பக்கம், இருட்டுப் பக்கம் என்ற பிரிவே இருக்காது. அந்த நேரத்துத் தெரு தட்டையாகத்தான் வரும். உங்கள் கைத்திறனைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே விழும். வடக்குப் பார்த்த வாசலில் நண்பகல் வெயில் அடிப்பது அந்த மாதங்களில்தான். வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக நிழல் போடும்போது இதை மறந்தால் படத்தில் ஏதோ இடிக்கும்.

மார்கழி, தையில் நிலைமை வேறு. டிசம்பர் கடைசியில் சென்னையில் நண்பகலிலும் நிழல் முக்கால் ஆள் நீளம் இருக்கும். நாள் முழுக்க வரையலாம். வெளியில் உட்கார்ந்து பழக அதுவே நல்ல காலம்.

தாள் எது வாங்குவது?

300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), முழுப் பருத்தி, நடுத்தரச் சொரசொரப்பு. படிக்கும் காலத்திலும் இதைவிடக் குறைய வேண்டாம். மரக்கூழ்த் தாளில் வண்ணத்தை ஈரப் பிரஷால் துடைத்து எடுப்பது எளிது, ஆனால் இரண்டாவது பூச்சு போடும்போது முதல் பூச்சு கரைந்து கிளம்பிவிடும். நிழலின் மேல் நிழல் போட்டுத்தான் தெருவை வரைய முடியும் என்பதால் அந்தத் தாள் கைகொடுக்காது.

முழுத்தாள் 22 x 30 அங்குலம். அதை நான்காகக் கிழித்தால் 11 x 15. வெளியில் வரைய இந்தக் கால் தாள் அளவு போதும். நான்கு மூலையில் கிளிப் போட்டாலே பெரிதாக வளையாது. அரைத்தாளுக்குப் போனால் தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, இரண்டங்குலப் பசைத்தாள் ஒட்டிக் காயவிட வேண்டும். இதற்குச் செலோடேப் நிற்காது.

வாங்கி வைத்த தாள் ஓராண்டு கழித்துப் பொட்டுப் பொட்டாக வண்ணத்தை உறிஞ்சுகிறதா? தாளில் தடவியிருக்கும் பசை நம் ஊர்ப் புழுக்கத்தில் கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது; பென்சில் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி வாங்குவதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். ஒரே நேரத்தில் ஐம்பது தாள் வாங்கி அடுக்குவது இந்தத் தட்பவெப்பத்தில் லாபம் இல்லை.

எத்தனை வண்ணம், எத்தனை பிரஷ்?

எட்டு டியூப் போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ஒரு நல்ல சிவப்பு, குயினாக்ரிடோன் மெஜந்தா, அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம். இவற்றோடு வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வாட்டர் கலர்) ஒரு சின்ன டியூப், மல்லிகைச் சரத்துக்கும் கம்பியில் படும் வெளிச்சப் பொட்டுக்கும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் கெட்டியாகச் சேர்ந்தால் வரும் இருட்டில் உயிர் இருக்கும்.

அலிசரின் கிரிம்சன் வாங்கும்போது டியூபின் பின்பக்கம் பாருங்கள். பி.ஆர். 83 என்று இருந்தால் அது வெளிச்சத்தில் வெளுக்கும் நிறமி. புடவையின் பளீர் ரோஸுக்காகப் பலரும் வாங்கும் ஓபரா பிங்க்கும் அப்படித்தான். விற்கப்போகும் படத்தில் இரண்டையும் தவிர்த்து மெஜந்தாவை வைத்துச் சமாளிக்கலாம்.

பிரஷில் 12, 8, 4 எண் உருண்டைகள், ஓர் அங்குலத் தட்டை, கம்பியும் கயிறும் இழுக்க நீள மயிர் கொண்ட ரிக்கர் ஒன்று. தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒவ்வொன்றும் அரை லிட்டருக்குக் குறையாமல். ஒன்று கழுவ, ஒன்று கலக்க. ஒரே டப்பாவில் ஓட்டினால் மஞ்சள் எல்லாம் சாம்பலாகும்.

தேன் சேர்த்துத் தயாரித்த வண்ணங்கள் சில உண்டு. அவற்றுக்கு எறும்பு வரும். மழைக்காலத்தில் பேலட்டை ஈரத்தோடு மூடி வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். காயவிட்டு மூடுங்கள்.

நம் ஆட்களின் தோல் நிறம் வரவே மாட்டேன் என்கிறது. என்ன கலப்பது?

‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று விற்கும் டியூபைத் தொடாதீர்கள்; அது நமக்காகச் செய்தது இல்லை. தொடங்க வேண்டியது பர்ன்ட் சியன்னாவில். மாநிறத்துக்கு அதோடு கொஞ்சம் ஓக்கர். கருத்த தோலுக்கு அல்ட்ராமரைனும் ஒரு துளி மெஜந்தாவும். கருமைக்குக் கறுப்பு வண்ணம் சேர்த்தால் தோல் கரி பூசினது போல் செத்துவிடும். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூசியது போலாகும். இந்த இரண்டும்தான் பெரும்பாலான படங்களில் நடக்கிறது.

கருத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. வேர்த்த தோளிலும் நெற்றியிலும் தெரியும் வெளிச்சம் தோலின் நிறம் இல்லை, அதில் பிரதிபலிக்கும் வானம். அதனால் அந்த இடத்தை இளநீலமாக, சில இடங்களில் வெறும் தாளாகவே விடுங்கள். வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் ஓரத்தில் பர்ன்ட் சியன்னா சுத்தமாக, செம்மையாக இருக்கட்டும். நிழலுக்குள் அல்ட்ராமரைன். தாடைக்கு அடியிலும் கைக்கு அடியிலும் தரையிலிருந்து எழும் வெளிச்சம் படும். செம்மண் தரை என்றால் அங்கே ஓர் ஆரஞ்சுச் சாயல் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியே இருக்கும்.

ஒரு முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் படத்தில் வருகிறது என்றால் கண், மூக்கு, வாய் எதுவும் போடாதீர்கள். வெளிச்சம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு, முடி ஒரு துண்டு. மூன்று தொடலில் முடிந்தது.

வெள்ளை வேட்டியை எப்படி வரைவது?

வரையாமல் விட்டு வரைவதுதான். வெயில் படும் பகுதி தாளின் வெள்ளை. நிழல் பகுதிக்கு அல்ட்ராமரைனில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர். கீழ்க்கரைக்கு அருகே தரையின் நிறம் ஏறிக் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். புதிதாக நீலம் போட்டுத் துவைத்த வேட்டியும் பழுப்பேறிய வேட்டியும் பக்கத்தில் நின்றால் இரண்டையும் ஒரே வெள்ளையாகப் போட வேண்டாம். பழையதற்கு முதலிலேயே மிக மெல்லிய ஓக்கர் பூச்சு. வேட்டி வெள்ளையாகத் தெரிவது அதன் பின்னால் இருக்கும் இருட்டால்தான். பின்னணிச் சுவரும் வெளிறியிருந்தால் ஆளை ஒரு ஜன்னலுக்கோ கதவு இருட்டுக்கோ முன்னால் நகர்த்துங்கள்.

வேட்டி வேறு, லுங்கி வேறு. லுங்கி மூட்டித் தைத்தது, ஓரத்தில் கரை கிடையாது, பெரும்பாலும் கட்டம் போட்டது. மடித்துக் கட்டினால் முன்புறம் இரட்டை மடிப்பாக முழங்காலுக்கு மேல் நிற்கும். புடவையில் முந்தானை இடது தோளில். இதை ஏன் சொல்கிறோம் என்றால், செல்ஃபி கேமராவில் எடுத்த படம் சில நேரம் இடவலம் மாறிப் பதிவாகும். அதைப் பார்த்து வரைந்து முந்தானையை வலது தோளில் போட்ட படங்கள் கண்காட்சி வரை வந்துவிடுகின்றன.

கூட்டத்தை வரையும்போது சிலர் ராட்சதர்களாகவும் சிலர் பொம்மைகளாகவும் வருகிறார்கள்.

ஒரே விதி: நீங்கள் நின்று வரைகிறீர்கள், தரை சமமாக இருக்கிறது என்றால், நிற்கும் பெரியவர்களின் தலை எல்லாம் தொடுவானக் கோட்டில்தான் இருக்கும், அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும். ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு எல்லாருடைய நெஞ்சுக்கும் கீழே வெட்டிக்கொண்டு போகும். முதலில் அந்தக் கோட்டைப் பென்சிலில் போட்டுவிட்டுப் பிறகு ஆட்களை நிறுத்துங்கள். வாரச் சந்தையே வந்தாலும் குழப்பம் இராது.

நிற்கும் ஆள் ஏழு, ஏழரைத் தலை உயரம். குத்தவைத்து உட்கார்ந்தால் ஏறத்தாழ நான்கு. இந்த உட்காருதலில் குதிகால் தரையில் முழுக்கப் பதியும், முழங்கால் அக்குள் அருகே வரும். குதிகால் தூக்கி வரைந்தால் ஆள் எழுந்து ஓடப்போவது போல் இருக்கும். இடுப்பில் குடம் வைத்தவர் குடத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வார், குடம் இருக்கும் பக்கத்து இடுப்பு வெளியே தள்ளும், மறு கை உடம்பை விட்டு விலகி வீசும். தலைச்சுமை என்றால் கழுத்து நேர், அசைவெல்லாம் இடுப்புக்குக் கீழே. நாற்று நடுபவர்கள் முதுகை வளைப்பதைவிட இடுப்பில் மடிந்து நிற்பார்கள். ஒரு கையில் நாற்று முடி, மறுகை நடும், நடை பின்னோக்கி. அவர்களுக்கு முன்னால் நட்ட வயல், பின்னால் வெறும் சேறு. இதைத் தலைகீழாக வரைந்தால் விவசாயம் தெரிந்த எவரும் சிரிப்பார்கள்.

ஆட்களை நகரும்போதே பிடிக்கப் பழக, பேருந்து நிறுத்தம்தான் பள்ளிக்கூடம். பால் பாயின்ட் பேனா, சாதா நோட்டு. ஒரு ஆளுக்கு முப்பது விநாடி.

மாடு மாடாகவே வரவில்லை.

பெரும்பாலும் ஐரோப்பிய மாட்டின் உடம்பை வரைந்து திமிலை மேலே ஒட்டியிருப்பீர்கள். நாட்டு மாட்டில் திமில் தோளுக்கு மேலேயே எழும். கழுத்துக்குக் கீழே அலைதாடி மடிந்து தொங்கும். நுகத்தடி திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேல் உட்கார வேண்டும். திமிலுக்குப் பின்னால் நுகத்தடி வைத்த மாட்டுவண்டிகள் ஏராளம். அந்த வண்டி ஓர் அடி நகராது.

காங்கேயம் காளைக்குச் சாம்பல் உடம்பு, திமிலும் கழுத்தும் பின்தொடையும் கருத்திருக்கும். பசுவும் காயடித்த எருதும் வெளிர் நிறம். கன்று செவலையாகப் பிறந்து சில மாதங்களில் நிறம் மாறும், ஆகவே வெள்ளைப் பசுவோடு செம்பழுப்புக் கன்று நிற்பது சரியே. ஆனால் இன்றைக்குப் பல வீடுகளில் கட்டியிருப்பது ஜெர்சிக் கலப்பினம், திமில் பேருக்குத்தான். முன்னால் நிற்பது எதுவோ அதை வரையுங்கள்.

வண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம் (அச்சு நுழையும் கட்டை), சுற்றிலும் வட்டைகள் (விளிம்பாகச் சேரும் வளைந்த மரத்துண்டுகள்), பெரும்பாலும் ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால், மேலே இரும்புப் பட்டா. ஆறு வட்டை, பன்னிரண்டு ஆரக்கால் என்று கணக்கு வைத்துக்கொண்டால் கைபோன போக்கில் கோடு இழுக்கத் தோன்றாது.

பச்சை எல்லாம் ஒரே பச்சையாகி விடுகிறதே?

டியூபிலிருந்து நேராகப் பச்சை எடுப்பதை நிறுத்துங்கள். நாற்றங்கால் பச்சைக்கு லெமன் யெல்லோவில் தாலோ நீலம் ஒரு துளி. நட்டு மூன்று நான்கு வாரமான பயிருக்கு நீலம் கூடி, பர்ன்ட் சியன்னா கொஞ்சம். புதிதாக நட்ட வயலில் பச்சையைத் தேடாதீர்கள். அங்கே தெரிவது தண்ணீரில் விழுந்த வானம், அதில் வரிசை வரிசையாகப் பொட்டுகள். கதிர் முற்றும்போது ஓக்கர் ஏறும். டெல்டாவில் ஜூனில் தொடங்கும் குறுவையும் தை அறுவடை சம்பாவும் வேறு வேறு வானத்துக்குக் கீழே விளைகின்றன. சம்பா நடவுப் படத்துக்குச் சித்திரை வானம் பொருந்தாது.

தென்னங்கீற்றுக்கு நடுநரம்பை முதலில் இழுத்து, இருபுறமும் இலைகளைக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். பனை ஓலை விசிறி. தண்டு கருத்து நேராக ஏறும், ஓலைக் கொண்டைக்கு அடியில் காய்ந்த மட்டைகள் தொங்கும். தூரத்தில் சிறு பொட்டாகத் தெரிந்தாலும் இரண்டின் வடிவமும் வேறாகவே இருக்க வேண்டும்.

மண்ணும் அப்படியே. தூத்துக்குடித் தேரிக்கு (செம்மணல் மேடு) பர்ன்ட் சியன்னாவில் சிவப்புச் சேர்க்க வேண்டும். கோவில்பட்டிக் கரிசல் ஈரத்தில் கருப்பு, காய்ந்தால் சாம்பல்.

ஒரு டீக்கடையை முதலிலிருந்து கடைசி வரை எப்படி வரைவது?

கால் தாள், காலை எட்டு மணி, சுமார் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டங்களில் இரண்டு சின்னப் படங்கள், வெள்ளை, இடைநிறம், இருட்டு என்று மூன்றே தரத்தில். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். கடைக்குள்ளே இருக்கும் இருட்டு ஒரே பெரிய வடிவமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இடம் மாறி உட்காருங்கள். வண்ணம் பூசிய பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

பிறகு 2பி பென்சிலில் இருபது நிமிடம். அப்போதே தரையில் விழும் நிழலின் ஓரத்தையும் குறித்துவிடுங்கள். சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகரும். பத்து மணிக்கு உண்மையான நிழல் எங்கோ போயிருக்கும், அதைத் துரத்தாமல் குறித்ததையே போட வேண்டும்.

முதல் பூச்சு: ரோடு, சுவர், பெஞ்ச் எல்லாம் ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் நீர்த்து ஓட்டமாக. பாய்லரின் பளபளப்பு, மாஸ்டரின் பனியன், கண்ணாடி கிளாஸ்களின் விளிம்பு ஆகியவை வெள்ளையாக நிற்கட்டும். முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் சில நிமிடம் போதும், ஐப்பசியில் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இரண்டாவது, கடைக்குள் இருட்டு. அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் மோர் பதத்துக்குக் கலந்து ஒரே மூச்சில் போடுங்கள். போதுமான அளவு முன்பே கலந்து வைத்திருக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் இணைப்பு தெரியும். ஈரமாக இருக்கும்போதே அடுப்புப் பக்கம் சிவப்பு ஒரு தொடல், அலமாரிப் பக்கம் நீலம் ஒரு தொடல். உள்ளே நிற்பவர்களின் முதுகும் தலையும் இந்த இருட்டோடு கலந்து கரைந்து போகட்டும், வெளிச்சம் படும் தோள் மட்டும் தெரிந்தால் போதும்.

மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் கவனம். வெயில் அதன் வழியாக இறங்கி, கீழே இருக்கும் எல்லாவற்றையும் நீலமாக்கும்; பெஞ்சில் இருக்கும் பெரியவரின் வெள்ளைத் தலைமுடி, பன் பாக்கெட், தினசரித் தாள் எல்லாமே. பெஞ்சுக்கும் முகத்துக்கும் வழக்கமான நிறத்தைப் போட்டால் தார்ப்பாய் தனியாக ஒட்டியது போல் நிற்கும்.

மூன்றாவது, ரோட்டில் விழும் நிழல், ஒரே தொடர்ச்சியாக. அதன் பிறகு வாழைத்தார், வடைக் கண்ணாடிப் பெட்டி, கயிறு, கம்பி. ஆவிக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம். இருட்டு காய்ந்தபின் சுத்தமான ஈரப் பிரஷால் மேல்நோக்கி இரண்டு முறை தேய்த்து டிஷ்யூவால் ஒற்றினால் போதும்.

கடைப் பலகையில் எழுத்தை வாசிக்கும்படி எழுத வேண்டியதில்லை. ஆனால் கிறுக்கல் தமிழ்க் கிறுக்கலாக இருக்க வேண்டும்: சுழி, வளைவு, மேலே புள்ளி, பக்கத்தில் நேர்க்கால். நேர்க்கோடுகளாகக் கிறுக்கினால் பலகை லண்டனுக்குப் போய்விடும்.

வண்ணம் சேறாகிறது, இல்லையென்றால் காலிஃபிளவர் போலத் திட்டு விழுகிறது. ஏன்?

சேறு: ஒரு கலவையில் மூன்று நிறமிக்கு மேல் சேர்ந்திருக்கும், அல்லது பாதி காய்ந்த பூச்சைப் பிரஷால் திரும்பத் திரும்பத் தடவியிருப்பீர்கள். திட்டு: காயத் தொடங்கிய பூச்சுக்குள் அதைவிட நீர்த்த பிரஷ் புகுந்திருக்கும். தண்ணீர் பரவி நிறமியை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் அந்தப் பூ. பளபளப்பாக இருக்கும்வரை எது வேண்டுமானாலும் செய்யலாம். பளபளப்பு போன நொடியிலிருந்து முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆடிக் காற்றிலும் கத்திரி வெயிலிலும் நேர்மாறான தொல்லை: வானம் பூசி முடிக்கும் முன் மேல் பாதி காய்ந்து கோடு விழும். தாளின் இரு பக்கமும் நனைத்து அக்ரிலிக் தகட்டின் மேல் ஒட்ட வைத்தால் நீண்ட நேரம் ஈரம் நிற்கும். குடைக்குக் கீழே உட்காருங்கள். கறுப்பு அல்லது வெள்ளைக் குடை. சிவப்புக் குடையின் நிறம் தாளில் விழுந்து எல்லாக் கலவையையும் ஏமாற்றும்.

போட்டோ பார்த்து வரையலாமா?

நீங்கள் எடுத்த போட்டோ என்றால் வரையலாம். செல்போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும்; கிட்டே இருப்பவரின் கை பெருத்து, சுவர்கள் சாயும். பின்னால் தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள். ஒரே இடத்தை மூன்று முறை: முழுக் காட்சி, திரையில் நிழலைத் தொட்டு வெளிச்சம் கூட்டியது, வானத்தைத் தொட்டுக் குறைத்தது. போட்டோவில் நிழல் வெறும் கறுப்பு. கண்ணுக்கு அதில் நிறங்கள் தெரியும். அதனால் அந்த இடத்திலேயே நிழலின் நிறத்தை நோட்டில் இரண்டு தொடலாகக் குறித்து வருவது ஆயிரம் போட்டோவுக்குச் சமம்.

இன்னொருவர் எடுத்த போட்டோவை வரைந்து விற்பதற்கு அவர் அனுமதி வேண்டும். இந்தியாவில் போட்டோவுக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. கட்டடங்களை வரைவதையும், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிலைகளை வரைவதையும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது.

ஆட்களை வரைய அனுமதி கேட்க வேண்டுமா?

கூட்டத்தில் ஒருவராக என்றால் தேவைப்படாது. ஒருவர் முகமே படம் என்றால் கேளுங்கள். “அண்ணே, ஒரு பத்து நிமிஷம் உங்களை வரைஞ்சுக்கட்டுமா?” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு, ஆனால் கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்து விறைப்பாக நிமிர்ந்து உட்காருவார். வேலையைத் தொடரச் சொல்லுங்கள், விறைப்பு தானாக விலகும். பூ விற்கும் அம்மாவிடம் முதலில் ஒரு முழம் வாங்கிவிட்டுக் கேட்பது மரியாதை. குளிக்கும் துறை, துக்க வீடு இரண்டும் வேண்டாம். குழந்தைகள் என்றால் பெற்றவர்களிடம் கேளுங்கள். கோயிலுக்குள் அலுவலகத்தில் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

யாருடைய படங்களைப் பார்த்துக் கற்பது?

மதுரையைப் பேனா மையில் நுணுக்கமாக வரைந்த மனோகர் தேவதாஸின் படங்களில் ஓடு, படிக்கட்டு, மரத்தடி எல்லாம் எப்படி வெள்ளைத் தாளில் வெளிச்சமாகின்றன என்று பாருங்கள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்த காலத்திலும் வரைந்தவர் அவர். பத்திரிகை ஓவியர் கோபுலுவின் கோட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் நிற்பதும் உட்காருவதும் இருக்கிறது. பத்துக் கோட்டில் ஒரு ஆளை முடிக்கக் கற்க அவரே போதும். 2021இல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் வண்ணப் பெண்கள், கருத்த தோலில் சன்னல் வெளிச்சம் விழுவதற்குப் பாடம். ஆனால் அவரைப் பின்பற்றுகிறோம் என்று பாவாடை தாவணி, மரத்தூண், ஓர ஒளி என்று அதே காட்சியை ஆயிரம் முறை நகலெடுத்துவிட்டார்கள். அவர் வெளிச்சத்தைக் கவனித்த விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தூணை விட்டுவிடுங்கள்.

பழைய காலத்துக்குப் போக வேண்டுமென்றால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சையிலும் திருச்சியிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த தொழில் படங்களைப் பாருங்கள். குயவர், நெசவாளர், பால்காரர் என்று கணவனும் மனைவியுமாக, கையில் தொழில் கருவியோடு நிற்பார்கள். சிலவற்றை மைக்காத் தகட்டில் வரைந்திருக்கிறார்கள். பின்னணி பெரும்பாலும் வெறுமைதான். அக்கால உடைக்கும் கருவிக்கும் நல்ல சாட்சி, காட்சி அமைப்புக்கு உதவாது.

முறையாகப் படிக்க 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் இருக்கின்றன.

முடித்த படம் கெடாமல் இருக்க என்ன செய்வது? விற்றால் உரிமை யாருக்கு?

படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு இருக்க வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் படம் கண்ணாடியோடு ஒட்டும். படத்தை மேல் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் பிடியுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் புழுக்கத்தில் தாள் விரிந்து அலையாகும். செலோடேப் பழுப்பேறித் தாளையும் கறையாக்கும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் சின்னக் கார்க் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும். மழை ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். அலமாரியில் அடுக்குவதானால் இடையிடையே தாள் வைத்து, ராமபாணப் பூச்சி வருகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் பிரித்துப் பாருங்கள்.

நீங்களாக வரைந்து விற்ற படத்தை வாங்கியவர் சுவரில் மாட்டலாம்; எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை உங்களுடையது, காலண்டரில் அச்சடிக்க அவர் உங்களைக் கேட்க வேண்டும். ஆனால் பணம் கொடுத்து “எங்கள் வீட்டை வரைந்து கொடுங்கள்” என்று ஒருவர் சொல்லி வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது சட்டப்படி முதல் பதிப்புரிமை அவருக்கே. பலருக்கு இது தெரிவதில்லை. முன்பணம் வாங்கும் அன்றே, அச்சு உரிமை ஓவியரிடமே இருக்கும் என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.